214-ஆம் வண்டியின் கீச்சு

காஷியாஸ் டோ சுல்
9 மார்ச் 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் சுகம்தானே? ஜெரால்டா அண்ணியின் முழங்கால் வலி இப்போது எப்படி? இங்கே நாங்கள் மூவரும் நலம். பியேத்ராவுக்கு இன்றோடு ஐந்து மாதம். குப்புறக் கவிழக் கற்றுக்கொண்டாள். கவிழ்ந்த இடத்தில் மூச்சு முட்டுமோ என்று நான்தான் ஓடி ஓடிப் பார்க்கிறேன். உன் மாப்பிள்ளை இவோ சிரிக்கிறார். அவருக்கு இரண்டாவது ஷிஃப்ட்; வாசலில் குழந்தையைக் கைமாற்றிக்கொள்வதுதான் இப்போது எங்கள் குடும்ப வாழ்க்கை.

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. ஆலையின் குழந்தைகள் காப்பகம் எங்கள் சோதனைக்கூடத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. இரண்டு வேளை போய்ப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன். அங்கே யார் அழுதாலும் என் பெண் குரல் மாதிரியே இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பெசினியைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், எங்கள் தலைமைப் பொறியாளர். இருபத்தாறு வருடம் பிரேக் லைனிங் செய்தவர். நான் கேட்டுக்கேட்டு, கடைசியில் ஒரு கம்ப்யூட்டரும் இந்த வருடம் முடியும்வரை நேரமும் கொடுத்திருக்கிறார். பிரேக் எப்போது கத்தும், எந்தச் சுருதியில் கத்தும் என்பதை, லைனிங்கை வண்டியில் மாட்டும் முன்பே கணக்கில் கண்டுபிடிக்க முடியும் என்று நான் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பழையபடி சோதனைத் தாள்களை அடுக்கும் வேலை. "எங்க கம்ப்யூட்டருக்குக் காது இருக்காம்மா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

எங்கள் லைனிங்கைப் பற்றி அதிகமாகப் புகார் வருவது எங்கிருந்து தெரியுமா? உங்கள் ஊரின் பஸ் டிப்போவிலிருந்து. அங்கே பிரேக் பிரிவில் என் அண்ணனே நிற்கிறான். எப்போது கத்துகிறது, எங்கே கத்துகிறது என்று ஒன்று விடாமல் எழுது. கிண்டலைக் கடைசிப் பத்தியில் வைத்துக்கொள்.

உன் தங்கை
மரில்டா


ஓரோ பிரேத்து
26 மார்ச் 1998

பிரேக் டாக்டரம்மாவுக்கு,

இவ்விடம் இருவரும் க்ஷேமம். அங்கே மாப்பிள்ளைக்கும் மருமகளுக்கும் என் முத்தம். உன் அண்ணியின் முழங்கால் மழை வந்தால் வலிக்கிறது, வெயில் வந்தால் வலிக்கிறது, என் அக்கார்டியனை எடுத்தால் ரொம்ப வலிக்கிறது.

உன் கேள்விக்குப் பதில். மோசமான வண்டி 214. தினமும் காலை முதல் நடை, சாந்தா எஃபிஜேனியா இறக்கம், மூடுபனி. ஓட்டுநர் லேசாகக் கால் வைத்து, வண்டி ஆள் நடக்கும் வேகத்துக்கு வந்ததும் ஆரம்பிக்கும். பன்றியைப் பிடித்த மாதிரி. ஆறு மணிப் பூசையில் பாதிரியார் வாசகத்தை நிறுத்திவிட்டு பஸ் போகும்வரை காத்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள். ஒன்பது மணிக்கு மேல் அதே வண்டி, அதே இறக்கம், சத்தமே இல்லை. எங்கள் டிப்போ மேலாளர் அமரால் பத்து மணிக்கு வருகிறவர். அதனால் நாங்கள் பொய் சொல்கிறோம் என்று நினைக்கிறார்.

சுருதி கேட்டாய். எழுத்தில் கீச்சு எப்படி எழுதுவது? ஆகவே அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு முதல் நடையில் முன் இருக்கையில் உட்கார்ந்தேன். கீச்சு வந்ததும் கட்டைகளைத் தடவித் தேடினேன். எதிரே ஒரு கிழவர் நம் தெற்கு வாத்தியத்தைப் பார்த்துவிட்டு, "தெற்கத்திக்காரரே, கல்யாணத்துக்கா போறீங்க?" என்றார். பஸ்ஸோடு சேர்ந்து வாசிக்கிறேன் என்றேன். இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

மூன்று நாள் சரிபார்த்தேன். நடு 'லா' சுரத்துக்கு ஒரு ஸ்தாயி மேலே இருக்கிற 'லா', அதற்கு அடுத்த கறுப்புக் கட்டை. கொஞ்சம்கூடப் பிசகவில்லை. எங்கள் வாத்தியக்குழுவின் குழல்காரனைவிடச் சுத்தம்.

அண்ணன்
வால்மோர்


காஷியாஸ் டோ சுல்
27 ஏப்ரல் 1998

அன்புள்ள அண்ணா,

உங்கள் இருவர் உடம்பும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். பதில் தாமதம், மன்னித்துவிடு. பியேத்ராவுக்குச் சளி, மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் மாதிரி ஒன்று. மருத்துவர் பயமில்லை என்கிறார். அவருக்கு இல்லை.

நீ சொன்ன கட்டை நொடிக்கு 932 அதிர்வு. என் கணக்கிலோ ஒன்றுமே வரவில்லை. எப்படிக் கணக்குப் போடுகிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்கு அதற்கென்று ஓர் ஆட்டம், லைனிங்கைச் சுமந்து அதை அழுத்திப் பிடிக்கிற ஷூவுக்கு அதற்கென்று ஓர் ஆட்டம். தனித்தனியாக ஆடினால் தானே அடங்கிவிடும். இரண்டும் ஒரே தாளத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், உராய்வு அவற்றைக் கைகோத்துவிடுகிறது. அப்புறம் ஒன்றை ஒன்று சுழற்றிவிட்டு, நிற்காமல் வளரும். அந்த வளர்ச்சிதான் உன் பன்றி. சோதனைக்கூடம் கொடுத்த உராய்வு அளவைக் கணக்கில் போட்டால் எல்லா ஆட்டமும் அடங்குகிறது. ஆனால் நீயோ கத்துகிறது என்கிறாய்.

உன் கடிதத்தில் ஒன்பது மணி என்ற வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சோதனைக்கூட ஓஸ்மாரிடம் போய், உராய்வை எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டேன். முதலில் இருநூறு தடவை பிரேக் போட்டு நன்றாகச் சூடாக்கிவிட்டுத்தான் அளப்பார்களாம். அதுதான் முறையாம். ஈரத்தோடு, குளிர்ந்தபடியே அளந்து கொடுங்கள் என்றேன். "சூடாக்காம அளந்தா தப்பா வரும்மா" என்றார். அந்தத் தப்புதான் வேண்டும் என்றேன். மூடுபனியில் ராத்திரி முழுக்க நின்ற பிரேக்கைப் போல ஈரமும் மெல்லிய துருவும் ஏற்றி அளந்தால், முதல் இருபது பிரேக்குக்கு உராய்வு எக்கச்சக்கம். காய்ந்ததும் இறங்கிவிடுகிறது. இத்தனை வருடமாகக் கத்தலைச் சூட்டில் ஓட்டி விரட்டிவிட்டு, கத்தவில்லை என்று எழுதி வந்திருக்கிறார்கள்.

புது அளவைக் கணக்கில் போட்டேன். ஓர் ஆட்டம் மட்டும் அடங்கவில்லை. 928. அண்ணா, நான் நாற்காலியிலிருந்து எழுந்து நேராகக் காப்பகத்துக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டேன். யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது.

பெசினி தாளைப் பார்த்தார். "கேட்ட சத்தத்தைக் கணக்குல காட்றது பெருசில்லம்மா. கேக்காத சத்தத்தைச் சொல்லு" என்றார். நியாயம்தான். ஜூனில் உங்கள் டிப்போவுக்குப் புது ரக லைனிங் அனுப்புகிறோம், இன்னும் கெட்டியானது. அது 214-இல் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டு, உறையில் போட்டு ஒட்டி, பெசினியின் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். உனக்கு மட்டும் சொல்கிறேன்: கத்தும். அந்தக் கறுப்புக் கட்டைக்கு மேலே இரண்டாவது கட்டையான 'தோ'வில் கத்தும். ஆகஸ்டில் ஆலையிலிருந்து ஒருவர் உங்கள் ஊருக்கு வந்து காலை நடையில் கேட்பார். அன்று உறையைப் பிரிப்பார்கள். அதற்கு முன்னால் நீ கேட்டு எனக்கு எழுதிவிடு. காத்திருக்கிற தெம்பு எனக்கு இல்லை.

மரில்டா


ஓரோ பிரேத்து
14 மே 1998

டாக்டரம்மா,

நாங்கள் நலம். குழந்தையின் நெஞ்சு எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுது, பிறகு அதிர்வு.

உன் கடிதத்தை டிப்போவில் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாக வாசித்தேன். டிரம்மும் ஷூவும் கைகோத்து ஆடுகிற இடத்தில் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். டயர் பிரிவு ஆள், "இவ்ளோ படிச்ச பொண்ணுக்கு அண்ணன் எப்படிய்யா நீ?" என்றான். ஆஸ்பத்திரியில் மாறிப்போய்விட்டேன் என்றேன். உன் அண்ணி அந்தத் தாளைத் தன் தையல் பெட்டியில் வைத்திருக்கிறாள். எனக்கே தருவதில்லை.

புது லைனிங் இன்னும் வரவில்லை. வந்த அன்றே 214-இல் மாட்டுவேன்.

வால்மோர்


காஷியாஸ் டோ சுல்
29 ஜூன் 1998

அன்புள்ள அண்ணா,

அண்ணியும் நீயும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எங்களுக்குச் சுகம் இப்போதுதான் திரும்பியிருக்கிறது. பியேத்ராவை மூச்சிரைப்போடு நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். சின்ன முகத்தில் பெரிய ஆக்சிஜன் முகமூடி. நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தேன், நிமிடத்துக்கு அறுபது, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தைந்து. நாற்பதுக்கு வந்தபோதுதான் காபி குடித்தேன். இப்போது வீட்டில் இருக்கிறாள். மசித்த பொலென்டாச் சோளக்களியைத் தலையில் பூசிக்கொள்கிறாள்.

லைனிங் பதினைந்தாம் தேதியே டிப்போவில் சேர்ந்ததாக அனுப்புகைச் சீட்டு சொல்கிறது. நீ ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்டாயா? 'தோ'தானே?

மரில்டா


ஓரோ பிரேத்து
21 ஜூலை 1998

அன்புள்ள மரில்டா,

குழந்தை தேறியது கேட்டு நிம்மதி. அண்ணி நேர்ந்துகொண்ட மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டாள். குளிரில் குழந்தையை வெளியே கொண்டுபோகாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே ஜூன் விழா நன்றாக நடந்தது. தேவாலயத்துக்கு முன்னால் நெருப்புக் குவியல் இரண்டாள் உயரம். சோளப் பணியாரம், இஞ்சி போட்ட சாராயம். எங்கள் குழு ஐந்து மணிநேரம் வாசித்தது. அண்ணி முழங்கால் வலியை மறந்து மூன்று பாட்டுக்கு ஆடினாள். இந்த வருடம் குளிர் கடுமை. பக்கத்து வீட்டு நாய் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

பஸ் அமைதியாகத்தான் இருக்கிறது. கத்தவில்லை.

கவலைப்படாதே.

வால்மோர்


காஷியாஸ் டோ சுல்
30 ஜூலை 1998

அன்புள்ள அண்ணா,

நலம். நலமறிய ஆவல்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நெருப்புக் குவியல் இரண்டாள் உயரம் என்று அளந்து எழுதியிருக்கிறாய். பஸ்ஸுக்கு ஒரே வரி. எந்த நாள், எந்த நடை, மூடுபனி இருந்ததா, எதுவும் இல்லை. மார்ச் மாதம் மூன்று நாள் சுருதி பார்த்தவன் நீ.

கணக்கை முதலிலிருந்து மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் கத்துகிறது. ஆகஸ்ட் இருபதாம் தேதி உறையைப் பிரிப்பார்கள். எனக்குத் தெரியாத ஏதாவது இருந்தால் அதற்கு முன்னால் எழுது.

மரில்டா


காஷியாஸ் டோ சுல்
7 செப்டம்பர் 1998

அன்புள்ள அண்ணா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று அண்ணியிடம் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீ வீட்டில் இல்லை என்றாள். பின்னால் யாரோ இருமினார்கள். எனக்குத் தெரிந்த இருமல்தான்.

ஆலையிலிருந்து வந்தவர் ஐந்து காலை நடைகள் 214-இல் போய்வந்தார். மூடுபனி நன்றாக இருந்ததாம். சத்தமே இல்லையாம். இருபதாம் தேதி பெசினி உறையைப் பிரித்து, படித்து, மறுபடி மடித்து வைத்தார். கிண்டல் செய்யவில்லை. "டிசம்பர் வரைக்கும் நேரம் இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். கிண்டல் செய்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அதற்குப் பிறகு நான் வேறு மாதிரி யோசித்தேன். கணக்கு சரி, பஸ்ஸும் சரி என்றால், நான் கணக்குப் போட்ட லைனிங்கும் பஸ்ஸில் இருக்கிற லைனிங்கும் ஒன்றில்லை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். எடை, தடிமன், ஸ்பிரிங். எதை மாற்றினாலும் கத்தியது. கடைசியில் வடிவத்தை மாற்றினேன். லைனிங்கின் இரண்டு முனைகளையும் சரிவாகச் சீவினால், ஷூவின் ஆட்டம் டிரம்மின் தாளத்தைவிட்டு விலகிவிடுகிறது. கைகோக்க ஆளில்லை. அமைதி. ஆனால் எப்படிச் சீவினாலும் இல்லை. இருபத்தைந்து மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கத்துகிறது. முப்பதைத் தாண்டினால் வேறு சுருதியில் கத்துகிறது. நடுவில் ஐந்து மில்லிமீட்டர் இடத்தில் மட்டும்தான் அமைதி.

உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. உத்தரவாதம் உள்ள பிரேக் பாகத்தில் அரத்தை வைத்தால் டிப்போவில் வேலை போய்விடும் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கணக்குத் தாளை யாரிடமும் காட்டவும் மாட்டேன். எனக்குச் சோதனைத் தாள் அடுக்கத் தெரியும். முன்பு செய்த வேலைதான்.

பியேத்ரா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விழுந்துவிடுவாள் என்று நான் கையை நீட்டினால் கோபம் வருகிறது அவளுக்கு.

மரில்டா


ஓரோ பிரேத்து
18 செப்டம்பர் 1998

என் தங்கைக்கு,

எல்லாரும் சுகமா? நான் சுகம், இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததிலிருந்து.

இருபத்தெட்டு. உன் கடிதம் வந்ததும் டிப்போவுக்குப் போய், சக்கரத்தைக் கழற்றி, அளவுகோல் வைத்துப் பார்த்தேன். நான் அன்றைக்கு அளந்து ராவவில்லை. கண்பார்வையில் ராவினேன். கத்துகிறதா, இன்னும் கொஞ்சம். கத்துகிறதா, இன்னும் கொஞ்சம். நின்றதும் நிறுத்தினேன். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு என் அரத்தைப் பார்த்துவிட்டாயே.

நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் பதினாறாம் தேதி புது லைனிங்கோடு முதல் நடை. நானே போனேன். இறக்கத்தின் பாதியில் கத்தியது. 'தோ'. சுத்தமான 'தோ'. என் தங்கை சொன்னாள் என்று ஓட்டுநரிடம் கத்தினேன். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, தபாலாபீஸ் திறக்கும்வரை நிற்கலாம் என்று நினைத்தேன்.

இறங்கிய இடத்தில், வளைவில் இருக்கிற வீட்டிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். பிறந்து மூன்று வாரம் இருக்கும். என் சட்டையில் டிப்போவின் பெயரைப் பார்த்துவிட்டாள். "அண்ணே, தினமும் காலையில இந்த பஸ் வந்தாலே இது உடம்பு தூக்கிப்போட்டு அழுவுது. பால் குடிக்க மாட்டேங்குது. உங்க வீட்டுல குழந்தை இல்லியா?" என்றாள். எங்கள் வீட்டில் இல்லை என்பது உனக்குத் தெரியும். பியேத்ராவின் நெஞ்சு விசிலைப் பற்றி நீ எழுதியது நினைவுக்கு வந்தது. அன்று மதியமே ராவ ஆரம்பித்தேன்; தினமும் முதல் நடையில் கேட்டுக் கேட்டு, சத்தம் நிற்கும்வரை.

அதன் பிறகுதான் உறையே ஞாபகம் வந்தது. கத்தியது என்று எழுதினால், வருகிற ஆள் கேட்கும்போது கத்தாது. நீ பொய்க்காரி ஆவாய். ராவினேன் என்று எழுதினால் என் வேலை. ஆகவே நெருப்புக் குவியலைப் பற்றி எழுதினேன். இருமியதும் நான்தான்.

யாரிடமும் காட்ட மாட்டேன் என்கிறாய். என்னைக் காப்பாற்ற நீ தாள் அடுக்கப் போவாயா? அது நடக்காது. திங்கட்கிழமை அமராலிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அரத்தைக் கேட்டார், கொடுத்தேன். பிறகு உன் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்து, உட்கார்ந்து முடித்தார். "நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு நானும் வர்றேன்" என்றார். பன்னிரண்டு வருடத்தில் அந்த நேரத்தில் அவரை யாரும் பார்த்ததில்லை.

அவர் முன்னாலேயே 214-இல் ராவாத லைனிங் மாட்டினேன். மறுநாள் காலை கத்தியது, 'தோ'. அடுத்த நாள் அரத்தை அவரிடமே இரவல் வாங்கி இருபது மில்லிமீட்டர் ராவி மாட்டினேன், கத்தியது. இருபத்தெட்டு, அமைதி. முப்பத்தைந்து, வேறு சுருதியில் கத்தியது, நீ சொன்ன மாதிரியே. நான்கு நாள், நான்கு தாள், ஒவ்வொன்றிலும் அமராலின் கையெழுத்தும் டிப்போ முத்திரையும். இதோடு வைத்திருக்கிறேன்.

என்னைப் பணியிடை நீக்கம் செய்திருக்கிறார். விதி அப்படி. லைனிங் உங்கள் ஆலையுடையது, ஆகவே ஆலை என்ன சொல்கிறதோ அதன்படி முடிவாம். நீ எனக்காக யாரிடமும் கெஞ்சக் கூடாது. தாள்களைக் காட்டு, கணக்கைச் சொல், போதும்.

அண்ணன்
வால்மோர்


காஷியாஸ் டோ சுல்
16 அக்டோபர் 1998

என் அண்ணனுக்கு,

அண்ணிக்கும் உனக்கும் என் வணக்கம். வீட்டில் சும்மா உட்கார்ந்து அவளைப் பாடாய்ப் படுத்துகிறாய் என்று தெரிகிறது, அவள் எழுதியிருந்தாள். பியேத்ராவுக்கு ஒரு வயது. நான்கு எட்டு நடந்தாள். நான் கையை நீட்டவில்லை.

கெஞ்சவில்லை. நீ சொன்னபடியே செய்தேன். பெசினி, ஓஸ்மார், ஆலை இயக்குநர்கள் இரண்டு பேர். முதலில் உறைக்குள் இருந்த தாளை வைத்தேன். அடுத்து செப்டம்பர் ஏழாம் தேதிக் கணக்கு. அதற்குமேல் அமராலின் நான்கு தாள்கள். பெசினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி முதல் தாளிலிருந்து ஆரம்பித்தார்.

கடைசியில் கேட்டார்: "உங்க அண்ணன் எந்தக் காலேஜ்ல படிச்சாரு?"

ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டான், என்னைப் படிக்கவைக்க என்றேன். அதை நீ என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு எப்போதும் தெரியும்.

பெசினி இயக்குநர்கள் பக்கம் திரும்பினார். "இருபத்தாறு வருஷமா நாங்க சூடாக்கிட்டுக் கேட்டுட்டு இருந்திருக்கோம். இந்தப் பொண்ணு சரியா கேட்டிருக்கா" என்றார். அண்ணா, அந்த வாக்கியத்தை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துகூட மாற்றாமல்.

டிப்போவுக்கு ஆலையின் கடிதம் நேற்றுப் போயிற்று. பாகத்தைச் சேதப்படுத்தியதாக எந்தப் புகாரும் இல்லை என்று எழுதி, இயக்குநரே கையெழுத்திட்டிருக்கிறார். இனி எந்தப் புது லைனிங்கும் என் கணக்கைத் தாண்டித்தான் தயாரிப்புக்குப் போகும். குளிர்ந்த ஈரச் சோதனையும் விதியில் சேர்ந்துவிட்டது. ஓஸ்மார்தான் முணுமுணுத்துக்கொண்டே செய்கிறார். நவம்பரில் முனை சீவிய லைனிங் முதல் தொகுதி வெளிவருகிறது, இருபத்தெட்டு மில்லிமீட்டர். வரைபடத்தின் மூலையில் இரண்டு வரி போடச் சொன்னேன். சண்டைபோட்டு வாங்கினேன் என்றும் சொல்லலாம்.

கணக்கு: மரில்டா தொண்டெல்லோ.
முதல் வெட்டு: வால்மோர் தொண்டெல்லோ.

அப்பா இருந்திருந்தால் இதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரையே சுற்றியிருப்பார். நீயும் அதைத்தான் செய்யப்போகிறாய் என்று நினைக்கிறேன். செய்.

முதல் தொகுதியை உன் டிப்போவுக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

உன் தங்கை
மரில்டா


ஓரோ பிரேத்து
2 டிசம்பர் 1998

அன்புள்ள மரில்டா,

நாங்கள் இருவரும் நலம். நடக்கிற என் மருமகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசீர்வாதம்.

வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. அமரால் அரத்தைத் திருப்பிக் கொடுத்தார். இப்போது காலை ஆறுக்கே வருகிறார். அது ஒன்றுதான் கஷ்டம்.

உன் லைனிங் வந்தது. ஆலையில் வெட்டிய முனை, கண்ணாடி மாதிரி வழவழப்பு. என்னால் அப்படி ராவ முடியாது. பதினான்கு வண்டிகளுக்கும் நானே மாட்டினேன்.

திங்கட்கிழமை காலை கடும் மூடுபனி. 214-இல் நான் ஏறவில்லை. இறக்கத்தில், சுவரை ஒட்டி நின்றுகொண்டேன். வண்டி வருவது தெரியவில்லை. இரண்டு விளக்கு மட்டும் தெரிந்தது. ஓட்டுநர் கால் வைத்தார். ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்தது. என்னைத் தாண்டிப் போயிற்று.

உள்ளே ஒரு பெண் தன் புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள். குடையை ஏன் வீட்டில் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று. வெளியே நின்ற எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

அண்ணன்
வால்மோர்